மரத்தடியில் வகுப்பெடுக்கும் வேலைக்குச் சம்பளம் உண்டா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கரூர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருடம் படிக்கிறீர்கள். பிள்ளைகளைக் காட்டுக்கும் ஏரிக்கும் கடற்கரைக்கும் அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுக்கிற வேலை வேண்டும் என்று ஆசை. அப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா, அதற்கு என்ன படிப்பது, அதில் வயிறு நிறையுமா என்று கேட்கிறீர்கள். வீட்டிலோ, "பொம்பளப் புள்ள காட்டுக்குப் போய் என்ன பண்ணப் போற, பேசாம பி.எட். சேரு" என்கிறார்கள்.

வேலை இருக்கிறது. நானும் பெண்தான், பதின்மூன்று வருடமாக அதில்தான் சாப்பிடுகிறேன். பி.எட். விஷயத்தில் உங்கள் வீட்டார் சொல்வது அவ்வளவு தப்பில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பலரும் காட்டின்மேல் உள்ள ஆசையில் வருகிறார்கள். ஒரே வருடத்தில் கிளம்பிவிடுகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். ஏனென்றால் நாள் முழுக்க நீங்கள் பார்க்கப்போவது யானையையும் இருவாச்சியையும் அல்ல, முப்பத்தைந்து பிள்ளைகளை. யார் காலையில் சாப்பிடாமல் வந்தது, யாருக்கு ஒன்றுக்கு வருகிறது, யார் கூட்டத்தை விட்டு விலகி நிற்கிறது, எந்த இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் விடக் கூடாது, இதையெல்லாம் கவனிப்பதில்தான் பொழுது போகும். தலைக்கு மேலே கழுகு வட்டமிட்டால் அண்ணாந்து பார்க்கிற கடைசி ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரை, காலை ஏழரை மணி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர். முந்தின இரவு கண்விழித்து, உணவுச் சங்கிலி பற்றி நாற்பது நிமிடப் பேச்சு தயாரித்து வைத்திருந்தேன். எட்டாவது நிமிடத்தில் பின்வரிசைப் பையன்கள் தண்ணீரில் கல் எறிய ஆரம்பித்துவிட்டார்கள். கூட வந்த சீனியர் அக்கா என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, பையிலிருந்து எட்டு டீ வடிகட்டியையும் எட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டையும் எடுத்தார். நாலு பேருக்கு ஒரு செட். கரையோரம் ஊறிக் கிடந்த செடிகளுக்கு அடியில் வடிகட்டியை ஓட்டி, வந்ததைத் தட்டில் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் யாரும் தொடாமல் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் சொன்னது.

சேறு அடங்கியதும் தட்டு அசைய ஆரம்பித்தது. நத்தைக் குஞ்சு, நீர்த்தேள், துள்ளித் துள்ளி மேலே வரும் கொசுப்புழு, அப்புறம் ஆறு காலோடு சேற்று நிறத்தில் ஒன்று. "இது என்னக்கா?" என்று ஒரு பையன் கேட்டான். அக்கா பெயரைச் சொல்லவில்லை. "என்ன திங்குதுன்னு பாரு" என்றார். கொஞ்ச நேரத்தில் அது மடித்து வைத்திருந்த கீழுதட்டைச் சட்டென்று நீட்டிக் கொசுப்புழுவை வாய்க்குள் இழுத்தது. எட்டுத் தட்டுக்காரர்களும் அந்த ஒரு தட்டைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அது தட்டானின் இளம்பருவம் என்பதை அக்கா அதற்கப்புறம்தான் சொன்னார். பையன் யோசித்துவிட்டு, "அப்ப தட்டான் வால்ல நூல் கட்டி வெளாண்டா கொசு கூடும்ல?" என்றான். நான் நாற்பது நிமிடத்தில் சொல்ல நினைத்ததை அவன் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டான்.

வாயை எப்போது மூடிக்கொள்வது என்று தெரிவதுதான் இந்தத் தொழிலில் பெரிய பாடம். எனக்கு அது பிடிபட மூன்று வருடம் ஆனது.

சரி, வேலை எங்கே இருக்கிறது? அதற்கு முன்னால் எங்கே இல்லை என்று சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் பள்ளி, கல்லூரி எல்லாவற்றிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2003-இல் இன்னொரு முறை அழுத்திச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. பட்டப்படிப்புக்கு ஆறு மாதத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தப் பாடத்திட்டப்படி மொத்தம் 50 வகுப்பு, அதில் 5 களப்பணிக்கு. நீங்களும் அந்தத் தாளை எழுதியிருப்பீர்கள். களப்பணி என்று எங்காவது அழைத்துப் போனார்களா? பெரும்பாலான இடங்களில் யாருக்கு வகுப்பு நேரம் குறைவோ அவர் தலையில் கட்டிவிடுவதுதான் வழக்கம். தாள் வந்தது, அதை நடத்துவதற்கென்று பணியிடம் வரவில்லை. அதனால் "சுற்றுச்சூழல் ஆசிரியர்" என்ற பெயரில் அரசு விளம்பரம் வரும் என்று காத்திருந்து வருடத்தை வீணாக்காதீர்கள்.

பணியிடம் வராத அந்த இடைவெளியை நிரப்புவது வெளியில் இருக்கும் அமைப்புகள்தான். அகமதாபாத்தில் 1984-இல் தொடங்கிய சுற்றுச்சூழல் கல்வி மையம், சென்னையில் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் இரண்டும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதிலும் பாடக் கருவிகள் தயாரிப்பதிலும் பழம் தின்று கொட்டை போட்டவை. உங்கள் பள்ளியில் தேசியப் பசுமைப் படை என்று ஒரு சுற்றுச்சூழல் மன்றம் இருந்திருக்கும், 2001-02-இல் வந்த திட்டம். அதில் ஆசிரியர்களுக்கான பட்டறைகளை நடத்தியது இம்மாதிரி அமைப்புகளின் ஆட்கள்தான். இங்கே வேலை பாதி மேசை, பாதி பயணம். காடு கொஞ்சம்தான்.

பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் வேலை வேண்டுமென்றால் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு இயங்குகிற அமைப்புகளைப் பாருங்கள். மாமல்லபுரம் போகிற வழியில் 1976-இலிருந்து இருக்கும் முதலைப் பண்ணை, கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை, திருவண்ணாமலையில் மலையடிவாரத்தில் பள்ளியும் காடு வளர்ப்பும் ஒன்றாக நடக்கும் மருதம் பண்ணைப் பள்ளி, தாமிரபரணிக் கரையில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு ஊர்க்காரர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொள்கிற ஏட்ரீ என்ற ஆராய்ச்சி அமைப்பின் அகத்தியமலை மையம், வால்பாறையில் வேலை செய்யும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் காடு என்று நிறைய உண்டு. இவற்றில் "கல்வி அலுவலர்" என்று ஓர் இடம் காலியாவது எப்போதாவதுதான். ஆனால் தன்னார்வலராகப் போய் நின்றவர்களுக்குத்தான் அந்த இடம் முதலில் போகிறது. என் முதல் வேலையும் அப்படி வந்ததே.

இன்னொரு பக்கம் பள்ளிகள். ஆந்திராவில் ரிஷிவேலி, சென்னையில் 'தி ஸ்கூல்' போன்ற, தத்துவவாதி ஜே. கிருஷ்ணமூர்த்தியின் அறக்கட்டளைப் பள்ளிகளிலும், மலையேற்றத்தை வாழ்க்கையின் பகுதியாகவே வைத்திருக்கும் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி போன்ற இடங்களிலும் வெளியே கற்பிப்பது அன்றாட வேலைக்குள்ளேயே வந்துவிடும். 2020 தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8 வகுப்பு வரை வருடத்தில் பத்து நாள் புத்தகப் பையில்லா நாள் என்று சொன்னதிலிருந்து, சி.பி.எஸ்.இ. பள்ளிகள் சில அந்தப் பத்து நாளை என்ன செய்வதென்று தெரியாமல் எங்களைப் போன்றவர்களுக்குப் போன் செய்கின்றன. கொள்கை பற்றி எனக்கு ஆயிரம் கருத்து உண்டு, அது வேறு கதை.

பெங்களூரை மையமாகக் கொண்டு முகாம் நடத்தும் கம்பெனிகள் மூன்றாவது வகை. கயிறு ஏற்றம், கூடாரம், துடுப்புப் படகு, இரவில் நெருப்பைச் சுற்றிப் பேச்சு. வேலை சுலபமாகக் கிடைக்கும், மூச்சு முட்டும். பள்ளிகள் சுற்றுலா அனுப்பும் மாதங்களில் தொடர்ந்து இருபது நாள் வீட்டுக்குப் போக முடியாது, தேர்வு மாதங்களில் சும்மா உட்கார வேண்டும். இரண்டு வருடம் இதில் இருந்தால் கூட்டத்தைக் கட்டி மேய்க்கக் கற்றுக்கொள்வீர்கள். அதற்கு மேல் இருப்பது உடம்பைப் பொறுத்தது.

ரிசார்ட்டுகளில் விருந்தினர்களைக் காட்டுக்குள் அழைத்துப்போய்க் காட்டுகிற நேச்சுரலிஸ்ட் வேலையைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். கர்நாடக அரசின் சுற்றுலா நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் கபினியில் ஆரம்பித்த பாணி அது. இன்றைக்கு மத்தியப் பிரதேசம் வரைக்கும் நல்ல சம்பளத்தில் ஆள் எடுக்கிறார்கள். விலங்குகளையும் தடங்களையும் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் ஜீப்பில் இருப்பவர்களுக்குப் புலி வேண்டும். சிலந்தி வலையைக் காட்டினால் கொட்டாவி விடுவார்கள். கற்பிக்கிற ஆசை உள்ளவர்களுக்கு இது இரண்டு வருடப் பயிற்சிக்களம், அவ்வளவே என்பது என் எண்ணம்.

அரசு பக்கம் கடந்த சில வருடத்தில் கொஞ்சம் கதவு திறந்திருக்கிறது. 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற மலையேற்றத் திட்டம் 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளோடு தொடங்கியது. அதில் வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள், அதுதான் நியாயமும்கூட. வனத்துறையே வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி.தான் வழி. 2024-லிருந்து வனக் காப்பாளர், வனக் காவலர் இடங்கள்கூட குரூப் 4-க்குள் வந்துவிட்டன. ஆனால் அது காவல் வேலை. பள்ளிப் பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு நாள், வன உயிரின வாரத்தில் வருவார்கள்.

சம்பளத்தை மறைக்காமல் சொல்கிறேன். 2012-இல் நான் மாதம் 9,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். இன்று என்னிடம் பயிற்சிக்கு வந்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் 15,000-லிருந்து 25,000 வரைக்கும் சொல்கிறார்கள், சில இடங்களில் தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து. ஏழெட்டு வருட அனுபவத்துக்கு அப்புறம் நல்ல பள்ளியிலோ பெரிய அமைப்பிலோ இருந்தால் இதைப் போல் இரண்டு மடங்கு பார்க்கலாம். ஐ.டி.யில் இருக்கும் தோழியோடு ஒப்பிட்டால் தூக்கம் வராது, ஒப்பிடாதீர்கள். நான் இருந்த ஓர் அமைப்பில் திட்ட நிதி வரவில்லை என்று நான்கு மாதம் சம்பளம் தரவில்லை. "இது வேலை இல்லம்மா, சேவை" என்றார்கள். வாடகை கேட்ட வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. சேரும் முன் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: சம்பளத் தேதி, விபத்துக் காப்பீடு, தொடர்ந்து எத்தனை நாள் முகாமுக்கு எத்தனை நாள் ஓய்வு.

படிப்புக்கு வருவோம். மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் வன உயிரியல் முதுகலை இருக்கிறது. அதற்கு மேலே டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம், பெங்களூரில் என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆராய்ச்சி மையம், இரண்டும் கடும் போட்டி. இவை எல்லாமே ஆராய்ச்சிக்கு ஆள் தயாரிக்கும் படிப்புகள். உங்களுக்குப் பிள்ளைகளோடு இருப்பதுதான் பிடிக்கும் என்றால் முதுகலை அவசியமே இல்லை. விலங்கியல் பட்டம் போதும். மலைப் பக்கம் சாய்கிற ஆசை இருந்தால் டார்ஜிலிங்கில் 1954-இலும் உத்தரகாசியில் 1965-இலும் தொடங்கிய மலையேற்றப் பள்ளிகளில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி எடுக்கலாம். 'ஏ' கிரேடு வந்தால்தான் அடுத்த நிலைக்கு விடுவார்கள். அதற்கும் மேலே பயிற்றுநர் படிப்பு. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

ஒரே ஒரு சான்றிதழுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் சொல்வது முதலுதவி. சாதாரண முதலுதவி இல்லை, ஆஸ்பத்திரி பல மணி நேரத் தொலைவில் இருக்கும்போது என்ன செய்வது என்று கற்றுத்தரும் 'வில்டர்னெஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்'. எட்டுப் பத்து நாள் பயிற்சி. முசூரியில் உட்ஸ்டாக் பள்ளியின் ஹானிஃபில் மையம் உட்படச் சில இடங்களில் நடக்கிறது. இதை வைத்திருப்பவரின் விண்ணப்பத்தை நான் முதலில் எடுத்துப் பார்ப்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. கோடையில் காய்ந்து கிடந்த புல்வெளிச் சரிவில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், மலையேற்றத்துக்குப் போனவர்கள். அதே வருடம்தான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. அதற்கு முன்னால், வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் அனுமதி இல்லாமல் "தெரிஞ்ச ஃபாரஸ்ட் கார்டு இருக்காரு" என்று பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். குரங்கணிக்கு அடுத்த வாரம் என் பழைய பயணக் குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தேன். மார்ச் மாதம், மதியம் இரண்டு மணி, காய்ந்த புல், நாற்பது பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள். நான்கு முறை. ஒன்றும் ஆகவில்லை என்பதால் அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இடத்தை முந்தின வாரம் தனியாகப் போய் நடந்து பார்க்காமல் பிள்ளைகளை அழைத்துப் போவதில்லை. பாறையில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா, மழை பெய்தால் ஓடையைத் திரும்பக் கடக்க முடியுமா, போன் சிக்னல் எந்த வளைவு வரைக்கும் கிடைக்கிறது, பாம்புக்கடி மருந்து கையிருப்பில் உள்ள ஆஸ்பத்திரி எது, அங்கே வண்டி போக எவ்வளவு நேரம். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கிடையாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது மட்டும்தான். தண்ணீர் விஷயத்தில் நான் முரடு. ஏரியோ ஆறோ, கணுக்காலுக்கு மேல் இறங்க விடுவதில்லை. கல்குவாரிக் குட்டை என்றால் பக்கத்திலேயே போவதில்லை.

பெண் என்பதால் வீட்டில் தயங்குகிறார்கள் என்றீர்களே, உண்மையில் அதுவே உங்களுக்குச் சாதகம். இரவு தங்கும் முகாமுக்கு மாணவிகளை அனுப்புகிற பள்ளி, கூட வரும் குழுவில் பெண் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்கும். அந்த ஆட்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. கழிப்பறை இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுத்த ஆண் பயிற்றுநரிடம் சண்டை போட ஆள் வேண்டும். முதல் மாதவிடாய் முகாமில் வந்து பயந்துபோன பிள்ளையை உட்கார வைத்துப் பேசவும் ஆள் வேண்டும். இரண்டையும் நான் செய்திருக்கிறேன்.

தமிழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தத் துறையில் ஆங்கிலத்தில் பறவை பெயர் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நெடுங்கால் உள்ளான், மடையான், சாம்பல் நாரை என்று அவர்கள் ஊர்ப் பேச்சில் பேசுகிறவர்கள் கம்மி. ஊருக்கு ஊர் பெயர் மாறும், அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இருளர், காணி மக்களோடு நடந்தால் ஒரு பகலில் கற்பதை எந்தப் புத்தகமும் தராது. ஆனால் அவர்களை வைத்து நிகழ்ச்சி நடத்திவிட்டு மாலை மரியாதையோடு அனுப்பிவிடுகிற வழக்கம் இந்தத் துறையில் இருக்கிறது. பயிற்றுநருக்கு என்ன கூலியோ அதே கூலி அவர்களுக்கும். நீங்கள் கணக்கு எழுதும் நிலைக்கு வரும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது பி.எட். முகாம் நடத்துகிற நான் ஒரு பிள்ளையை இரண்டு நாள் பார்க்கிறேன். திங்கட்கிழமை அவள் எனக்கு யாரோ. நான் போன வருடம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பார்த்த அறிவியல் டீச்சர், பள்ளி வளாகத்துப் புங்கமரத்தை எட்டாம் வகுப்புக்கு ஒப்படைத்திருந்தார். வாரம் ஒரு நாள் பத்து நிமிடம். இளந்தளிர் எவ்வளவு, பூ எவ்வளவு, காய் எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். சீசன்வாட்ச் என்ற பெயரில் நாடு முழுக்க நடக்கும் கணக்கெடுப்பு அது. அந்தப் பிள்ளைகள் இரண்டு வருட நோட்டை என்னிடம் காட்டி, இந்த வருடம் பூ முன்னாலேயே வந்துவிட்டது என்று தேதியோடு சண்டை போட்டார்கள். பஸ், கூடாரம், அனுமதிக் கடிதம் எதுவும் இல்லாமல் அவர் செய்ததை நான் பதின்மூன்று வருடத்தில் செய்ததில்லை. பி.எட். முடித்து டெட் எழுதி ஓர் அரசுப் பள்ளிக்குள் போய்விட்டால் முப்பது வருடம் உங்கள் கையில் பிள்ளைகள், ஒரு மரம், மாதச் சம்பளம். அதனால் பி.எட். சேருவதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். சேருவதற்கு முன் ஒரே ஒரு வருடம் மட்டும் வீட்டில் கேட்டு வாங்குங்கள்.

அந்த வருடத்தில் என்ன செய்வது? உங்கள் மாவட்டத்திலேயே ஆரம்பிக்கலாம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்று நாட்டிலேயே முதல் சரணாலயம் அதுதான். சுற்றியுள்ள ஊர்ப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள் தேவாங்கைப் பார்த்திருக்கிறார்கள், வீட்டில் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று போய்க் கேட்டாலே உங்களுக்கு மூன்று மாத வேலை இருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி வாரம் ஒரு வகுப்பு கேளுங்கள். தை பிறந்ததும் 2015-லிருந்து நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது, நான்கு பிள்ளைகளோடு அமராவதிக் கரையில் பதினைந்து நிமிடம் நின்றால் அதுவும் கணக்கில் சேரும்.

அப்புறம் பிப்ரவரியில் ஒரு வார இறுதி சென்னைக்கு வாருங்கள். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். 1988-லிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு முழுக்க மணலில் நடக்கிறது, பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். டார்ச் அடிக்கக் கூடாது, தண்ணீர் பாட்டில் போதும், செருப்பு கையில்தான் இருக்கும். ஆமையே வராத இரவுகள் நிறைய. அப்படி ஓர் இரவு வாய்த்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை மூன்று மணி, ஐம்பது பேர், எல்லோருக்கும் தூக்கம், ஒரு ஆமை இல்லை. கூட்டத்தை நடத்திப்போகிற அந்த இருபது வயதுப் பையன் அப்போது என்ன பேசுகிறான், எங்கே உட்கார வைக்கிறான், மணலில் எதைக் கையால் தடவிக் காட்டுகிறான் என்று மட்டும் பாருங்கள். திரும்பிப் போகும் ரயிலில் அதை எழுதி வைத்துக்கொண்டு எனக்கும் ஒரு வரி போடுங்கள்.